முடங்கிய வங்கிக் கணக்கும் 35,000 ரூபாய் பீஸும்: குமரி மாவட்டத்தில் சூதாட்ட வழக்குக்கு வக்கீல் தேடுவோர் கவனத்துக்கு

ஆன்லைன் ரம்மியில் ஜெயித்த 18,000 ரூபாய் யு.பி.ஐ. வழியாக வந்தது. மூன்றாவது வாரம் கணக்கே முடங்கியது. உள்ளே அப்பா ரப்பர் ஷீட் விற்றுப் போட்ட ஒன்றேகால் லட்சம். தக்கலைப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு நடந்தது இது. சூதாட்ட, கேசினோ வழக்குகளில் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட ஒரு வக்கீல், பத்தே நாளில் திறந்து தருவதாக 35,000 வாங்கினார். ரசீது கிடையாது. வக்காலத்தில் கையெழுத்தும் வாங்கவில்லை. நாலு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு மனுவின் போட்டோ வந்தது. அதில் கோர்ட் சீல் இல்லை, மனு எண் இல்லை, ஸ்டாம்பு ஒட்டவில்லை. தலைப்பில் நாகர்கோவில் மாஜிஸ்திரேட் கோர்ட். கணக்கை முடக்கியதோ வெளிமாநில சைபர் கிரைம் போலீஸ்!

இப்படி முடங்குவதற்குக் காரணம் இதுதான்: எங்கேயோ ஏமாந்த ஒருவரின் பணம் கைமாறிக் கைமாறி ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு வந்திருக்கும். அவர் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் சொன்னதும், பணம் போன கணக்குகளை எல்லாம் வரிசையாக நிறுத்துவார்கள். அதனால் முதல் வேலை வங்கிக் கிளையில்தான். எந்த ஸ்டேஷன், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 18,000-க்காக முழுக் கணக்கையும் பூட்டியிருந்தால், அந்தத் தொகைக்கு மட்டும் லீன் வைக்க, அதாவது அதை மட்டும் எடுக்க முடியாமல் நிறுத்தி வைக்க, கேட்கலாம். முதலில் விசாரணை அதிகாரிக்கு மனு. நடக்காவிட்டால் அந்த ஸ்டேஷனுக்குரிய மாஜிஸ்திரேட், அல்லது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. விஷயம் தெரிந்த வக்கீல் பீஸ் பேசுமுன் இந்த வங்கிக் கடிதத்தைக் கேட்பார்.

நீங்கள் விளையாடியவரா, ஏமாந்தவரா, கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தவரா என்றும் கேட்பார். மூன்றும் மூன்று வேறு கேஸ். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த 2025 மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். தமிழ்நாட்டின் 2022 சட்டத்திலோ சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. கோவா கேசினோ கேஸ் நடத்திய அனுபவம் இங்கே உதவாது.

விளையாடித் தோற்ற பணத்தை முழுசாக மீட்டுத் தருகிறேன் என்பவரை நம்பவே நம்பாதீர்கள். பந்தய ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவில் செல்லாது, வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. போலி ஆப்பில் ஏமாந்தது வேறு. அதற்கு அன்றைக்கே 1930. வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. பெயர்ப்பலகையில் ஸ்பெஷலிஸ்ட் என்று போடவும் கூடாது.

மனு போட்டாயிற்று என்றால் ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அடித்தால் அடுத்த வாய்தா தேதி வரைக்கும் தெரியும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், அல்லது 15100.

வக்கீலிடம் ஏமாந்துவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையாதீர்கள். வக்கீல் சேவை அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. புகார் சென்னையிலுள்ள பார் கவுன்சிலுக்குத்தான். ஜிபே ஸ்கிரீன்ஷாட், சாட் எதையும் அழிக்காதீர்கள். பாக்கி பீஸைக் காட்டி உங்கள் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதிக் கொடுத்துக் கட்டைத் திரும்ப வாங்குங்கள்.