மூன்று வருஷமாகக் கையில் பிடித்த யாகி

விலை இறங்கியிருக்கிறதாம். சுங்கை பட்டாணித் தம்பி ஒருவர் படத்தை அனுப்பி, "அண்ணே, நீங்க வச்சிருக்கிறது இதுதானே, வாங்கலாமா?" என்று கேட்கிறார். அதேதான். ஹாம் ரேடியோக்காரர்கள் கையில் பிடித்துச் சாட்டிலைட் கேட்கும் யாகி ஆண்டெனா. இரண்டு அலைவரிசைக்கும் (பேண்ட்) ஒன்றே, இரண்டையும் ஒரே கேபிளில் சேர்க்கும் டிப்ளெக்சர் பிடிக்குள்ளேயே.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் பிளாட் மொட்டைமாடி. எஸ்ஓ-50 என்ற ஹாம் செயற்கைக்கோள் வானத்தில் கடந்துபோகும் நேரம், அதைத்தான் பாஸ் என்போம். பேச்சு இரைச்சலுக்குள் முங்கும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும், குரல் மேலே வந்துவிடும். கோள் உருண்டுகொண்டே போவதால் அதன் அலை சாயும் பக்கமும் மாறுகிறது. கம்பத்தில் முறுக்கி வைத்த ஆண்டெனாவுக்கு இந்த வித்தை வராது. மூன்று வருஷமாகியும் எனக்கு இது சலிக்கவில்லை.

இனி வயிற்றெரிச்சல். போன மழைக்காலத்தில் இரண்டு மாதம் எஸ்ஓ-50 ஈனசுரத்தில்தான் கேட்டது. 2002 டிசம்பரில் ஏவியது, கீழே அனுப்புவதே 250 மில்லிவாட். கிழத்துக்குப் பேட்டரி போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். பிறகு எதிர்வீட்டு எல்இடி விளக்குதான் ரேடியோவில் இரைச்சல் கிளப்புகிறதோ என்று சந்தேகித்தேன் (பாவம், அந்த ஆன்ட்டி). ஆண்டெனாவைச் சந்தேகிக்கவே இல்லை, மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் (குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) கணீரென்று கேட்டதே! எஃப்எம் அப்படித்தான். பக்கத்து ரிப்பீட்டரின் பலம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் காதுக்குத் தெரியாது.

அப்புறம்தான் லாப்பான் ஏ2 ஞாபகம் வந்தது. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்தோனேசியக் கோள். பூமத்திய ரேகைக்கு அதன் பாதையின் சாய்வு 6 டிகிரிதான், அதனால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கு ஒருமுறை நம் பக்கம் வந்துபோகும். அதிலுள்ள ரிப்பீட்டரைப் போட்டிருந்த நாளில் 435.880 மெகாஹெர்ட்ஸில் கேட்டேன். அதுவும் மங்கல். இரண்டு கோளுக்கும் ஒரே நேரத்தில் சீக்கு வருமா? கோள் நெருங்கி விலகும்போது அலையெண் நகரும், அந்த டாப்ளர் திருத்தத்திலும் பிசகில்லை. எஸ்ஓ-50க்கு 436.805இல் தொடங்கி 436.785 வரை படிப்படியாக இறக்கித்தான் கேட்கிறேன். டிப்ளெக்சரைக் கழற்றிவிட்டு கோள்களைக் கேட்கும் 70 செ.மீ. அலைவரிசைப் பக்கத்தை நேராக ரேடியோவில் மாட்டினேன். குரல் கொட்டியது.

பிடியின் ரப்பர் மூடியை நெம்பிப் பார்த்தால், டிப்ளெக்சரின் நடுக்கம்பி ஈயத்தில் பிடிக்கவே இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் பச்சைக் களிம்பு. சுரண்டி, புதிதாக ஈயம் வைக்க இருபது நிமிஷம். விற்றவர் "கடல் காற்றுக்கு வாரண்டி இல்லை" என்றார். பினாங்கில் கடல் காற்று அடிக்காத இடத்தை அவர்தான் காட்ட வேண்டும்.

ஆகவே தம்பி, வாங்காதீர்கள். இரும்பு அளவு டேப்பை வெட்டி பிவிசி குழாயில் கட்டினால் கேட்பதற்கு அதுவே போதும், ஈயமும் உங்கள் கையால் வைத்ததாக இருக்கும். இல்லை, விலையைப் பார்த்து மனசு கேட்கவில்லையென்றால், பெட்டி வந்த அன்றைக்கே அந்த ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதை இரவல் கேட்காதீர்கள், ஏழே காலுக்குப் பாஸ் இருக்கிறது.