கலிஃபோர்னியாவில் ஜூரிப் பணி: முதன்முறை அழைக்கப்பட்டவரின் மதிப்பீடு

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மூன்றாம் ஆண்டில் எனக்கு ஜூரி சம்மன் வந்தது, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார வரும்படி நீதிமன்றம் அனுப்பும் அழைப்பு. இந்தியாவில் குற்ற வழக்குகளில் எஞ்சியிருந்த ஜூரி முறையும் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டதால், அங்கே பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு பெரியவர்கூடக் கிடையாது. எனவே எங்கள் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றம் இந்தச் சேவையை நடத்தும் விதத்தை, ஒரு கடையைப் பற்றி எழுதுவது போலவே இங்கே எழுதுகிறேன். என்ன, விருப்பமில்லை என்று இந்தக் கடைக்குப் போகாமல் இருந்துவிட முடியாது.

முதலில் சம்மனைப் பற்றி. வாக்காளர் பட்டியலிலிருந்தும் ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறையின் பதிவுகளிலிருந்தும் பெயர்களை எடுப்பதால், குடியுரிமை பெறாமல் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கடிதம் வந்துவிடுகிறது. அவர்கள் அதைக் குப்பையில் போடவும் கூடாது, குடிமக்களைப் போலப் போய் உட்காரவும் கூடாது. குடியுரிமை இல்லை என்பதைக் குறித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். 18 வயது நிறைந்த, அந்தக் கவுண்டியிலேயே வசிக்கும், வழக்கைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் அறிந்த குடிமக்களையே ஜூரியாக ஏற்கிறார்கள். கடிதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டால் 1,500 டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். தேதியைத் தள்ளிப்போடுவது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. மதுரைப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த எனக்கு, இணையதளத்தில் வேறொரு தேதியைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முந்தைய நாள் மாலை, நமக்குத் தரப்பட்ட குழு எண் அழைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, அழைக்கப்பட்டிருந்தால் மட்டும் போனால் போதும். இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஜூரிக்கு வராததற்கு உடனே அபராதம் கட்டுங்கள் என்று தொலைபேசியில் மிரட்டுபவர்கள் மோசடிக்காரர்கள், நீதிமன்றம் அப்படிப் பணம் கேட்பதில்லை.

நேரில் போனபோதுதான் குறைகள் தெரிந்தன. ஜூரிகளுக்கான வாகன நிறுத்துமிடம் நீதிமன்றத்திலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கிறது என்ற செய்தி சம்மனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வாசல் சோதனையில் என் எவர்சில்வர் டிபன் டப்பா எக்ஸ்ரே திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிய, காவலர் அதைத் திறக்கச் சொல்லித் தயிர்சாதத்தையும் மாவடுவையும் பார்த்த பிறகே உள்ளே விட்டார். இருநூறு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் மின்செருகிகள் சுவரோரம் மட்டுமே இருந்தன. காலை எட்டு மணிக்கு வந்தவர்களை பதினொன்றரைவரை எந்த அறிவிப்பும் இல்லாமல் உட்கார வைத்திருந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

ஆனால் நீதிமன்ற அறைக்குள் நடந்தது வேறு தரம். திருட்டு வழக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க, நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் எங்களைத் தனித்தனியே கேள்வி கேட்டார்கள். சட்டம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சாட்சி போலீஸ்காரர் என்பதற்காகவே அவர் சொல்வதை நம்பிவிடுவீர்களா, குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காவிட்டால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்வீர்களா என்றே கேட்டார்கள். குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும் என்பதால், ஒருவருடைய மனச்சாய்வும் வழக்கின் போக்கை மாற்றிவிடும். நம்மவர்களில் பலர் தங்கள் ஆங்கில உச்சரிப்பை நினைத்துத் தயங்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் குற்ற வழக்குகளுக்கு 2022 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் என்பதைக் காரணமாகக் காட்டி ஒருவரை நீக்குவது செல்லாது என்றே முதலில் கருதப்படும். அந்தக் காரணத்தைச் சொல்லும் வழக்கறிஞர்தான் அது பாரபட்சமில்லை என்று நிறுவ வேண்டும். என்னை நீக்கியதற்குக் காரணம் வேறு: முந்தைய ஆண்டு எங்கள் வீட்டுப் பூட்டை யாரோ உடைத்ததையும், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் நான் மறைக்காமல் சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் நன்றி கூறி அனுப்பிவைத்தார். தப்பித்துக்கொள்வதற்காக இப்படிக் கதை கட்டுவது வேறு விஷயம். அங்கே உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்த பிறகே பேசுகிறோம்.

கூலியைப் பொறுத்தவரை, இது போன்ற மாநில நீதிமன்றத்தில் முதல் நாளுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 15 டாலர். நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு இது அநியாயம் என்பதே என் கருத்து. ஜூரிப் பணிக்குப் போனதற்காக முதலாளி வேலையை விட்டு நீக்க முடியாது, ஆனால் அந்த நாள்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகத் தனியார் நிறுவனங்களுக்கு இல்லை என்பதால், அலுவலக விதியை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாளில் எந்த வழக்குக்கும் தேர்வாகாவிட்டால், குறைந்தது ஓராண்டுக்குத் திரும்ப அழைக்க மாட்டார்கள். வருகைச் சான்றிதழை மட்டும் கிளம்பும்போதே எழுத்தரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மறந்து வெளியே வந்துவிட்டு, டிபன் டப்பாவை இரண்டாம் முறையாக எக்ஸ்ரேயில் வைக்க வேண்டியதாயிற்று.