கடலோர மழைக்கால ஓட்டத்துக்கு ஏற்ற லாரி டயர் எது? வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி உரிமையாளர்கள் டயர் வாங்கும்போது முதலில் கேட்பது, அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் எங்கள் வேலூர்ச் சாலைகளுக்கு அந்தக் கேள்வி பொருத்தமானதே. ஆனால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்த பின், மார்கழி முடியும் வரை, அதே வண்டி வாலாஜாவைத் தாண்டினால் பெரும்பாலும் ஈரச் சாலையிலேயே ஓடுகிறது. ஆந்திரத்தின் கிருஷ்ணபட்டினம் துறைமுகம் வரை போகும் வண்டிகளோ தேசிய நெடுஞ்சாலை 16-இல் கடற்காற்றிலேயே கிடக்கின்றன. அந்த மூன்று மாதங்களை மனத்தில் வைத்துத்தான் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வண்டிகளில் ஓடிய டயர் வகைகளை அந்த ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்கள் பகுதிச் சரக்கின் தன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் ஏற்றப்படும் காலணிப் பெட்டிகள் கன்டெய்னரின் இடத்தை நிரப்புமே தவிர, அதன் எடைத் திறனை நிரப்புவதில்லை. 40 அடி காலிக் கன்டெய்னரின் எடையே 4 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதனுள் காலணிகள் நிறைந்திருந்தாலும் டயர் மீது விழும் சுமை, அந்த டயர் தாங்கக்கூடியதில் பாதியைக்கூட எட்டாமல் போவதுண்டு. மழைச் சாலையில் இதுதான் பெரிய ஆபத்து. முழுச் சுமையில் லாரி டயர் சாலையைத் தொடும் பரப்பு நீளமாகவும் குறுகலாகவும் அமைவதால், அது தண்ணீரைப் பிளந்துகொண்டு தார்ப்பரப்பை அழுத்திப் பிடிக்கிறது. சுமை குறைந்து காற்று மட்டும் முழு அளவில் இருக்கும்போது அந்தப் பரப்பு நீளம் குன்றிக் குட்டையாகிவிடுகிறது. தண்ணீரை வெளியேற்ற நேரம் போதாமல் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்குகிறது. பாரம் ஏற்றிய லாரி சாதாரண வேகத்தில் இவ்வாறு மிதப்பது அரிது. காலி லாரியோ நெடுஞ்சாலை வேகத்திலேயே மிதந்துவிடும். துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டு, கனமழையில் வெறும் டிரெய்லருடன் ஊர் திரும்பும் ஓட்டுநர்தான் அதிகக் கவனத்துடன் ஓட்ட வேண்டியவர் என்பதை எங்கள் தொழிலில் பலர் இன்னும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகவே முன் அச்சுக்கு நான் பரிந்துரைப்பது 295/80 ஆர் 22.5 அளவுள்ள, எஃகுக் கம்பிப் பட்டை வைத்த டியூப்லெஸ் ரேடியல் டயரையே; அதிலும் சுற்றளவு நெடுக வரிவரியாக ரப்பர் ஓடும் ரிப் வகையையே. நேர்க்கோடாக ஓடும் அகலமான நான்கு பள்ளங்களும், ரிப்பின் ஓரங்களில் மெல்லிய கீறல்களும் உள்ள வடிவம் மழைக்கு ஏற்றது. அப்பல்லோ எண்டுரேஸ் ஆர்ஏ வகையை டிரெய்லரை இழுக்கும் எங்கள் டிராக்டர் லாரிகளின் முன் அச்சில் ஓட்டியிருக்கிறோம். பூந்தமல்லி நெருங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கிய தடத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையில் லேசாகிப் போகும் அந்த உணர்வு, பழைய டயர்களைவிட இதில் வெகுவாகக் குறைந்திருப்பதாக எங்கள் ஓட்டுநர்கள் ஒருமித்துச் சொல்கிறார்கள். தேய்மானமும் தோள்பட்டை வரை சீராகவே இருந்தது. கூரான ஜல்லி பள்ளத்தில் சிக்கினால் தானாக வெளியே வருவதில்லை என்பது ஒரு குறை. கிளீனர் திருப்புளியால் எடுத்துவிட வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சாலை விரிவாக்கப் பணிக்கான மாற்றுப்பாதைகளில் ஓடியபோது இந்த வேலை சற்று அதிகமாகவே இருந்தது.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டத்தோடு தொடர்புடையது. 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தி, இரண்டு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 7 டன் என்றும், நான்கு டயர் கொண்ட அச்சுக்கு 11.5 டன் என்றும் அறிவித்தது. பக்கச்சுவரில் 146/143 என்று சுமைக் குறியீடு பொறிக்கப்பட்ட 10.00 ஆர் 20 டயர் தனியாக 3,000 கிலோவும், ஜோடியாகப் பொருத்தினால் ஒவ்வொன்றும் 2,725 கிலோவும் தாங்கும். கூட்டிப் பார்த்தால் முன் அச்சுக்கு 6 டன், பின் அச்சுக்கு 10.9 டன்தான் வருகிறது. உயர்த்திய வரம்புவரை ஏற்ற நினைப்பவருக்கு இது போதாது. 152/148 குறியீடு கொண்ட 295/80 டயர் தனியாக 3,550 கிலோவும் ஜோடியில் 3,150 கிலோவும் தாங்குவதால் இரண்டு அச்சுகளிலும் வரம்புக்கு மேல் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. காலணி ஏற்றிப் போன வண்டி திரும்புகாலில் இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கான ரசாயனப் பீப்பாய்களை நிறைய ஏற்றி வருவது எங்கள் பகுதியில் வழக்கம் என்பதால், இந்த எண்ணைப் படிக்காமல் யாரும் டயர் வாங்கக் கூடாது.

டியூப் போட்ட 10.00 ஆர் 20 ரேடியலைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் விரும்புகிறார்கள். எந்தக் கிராமத்துப் பஞ்சர் கடையிலும் சரிசெய்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி. கடலோர ஓட்டத்தில் அதன் பலவீனம் டயரில் இல்லை, ரிம்மில்தான் இருக்கிறது. உப்புக் காற்றும் தேங்கிய நீரும், டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையமான லாக் ரிங்கும் ரிம்மும் சேரும் இடுக்கில் புகுந்து துருவை ஏற்படுத்துகின்றன. துரு மேலடுக்காகத் திரண்ட லாக் ரிங் தன் பள்ளத்தில் முழுமையாக அமர்வதில்லை. அந்த நிலையில் காற்று ஏற்றும்போது அது தெறித்து உயிரையே பறிக்கக்கூடும். எனவே இந்த வகையை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை டயரைக் கழற்றும்போதும் ரிம்மைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். காற்று ஏற்றுவதை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். எஃகுக் கம்பிக்குப் பதில் நைலான் நூல் அடுக்குகள் வைத்த நைலான் டயர் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் நன்றாக உழைக்கும். ஆனால் ஈர நெடுஞ்சாலையில் நெடுந்தூர ஓட்டத்துக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்ஜின் விசையால் சுழலும் பின்பக்க ஹவுசிங் அச்சுக்கு, குறுக்கே தடித்த கட்டைகள் கொண்ட லக் டயர்தான் வேண்டும் என்று கடைக்காரர்கள் வற்புறுத்துவார்கள். காட்டுப்பள்ளியில் சேறு படிந்த கன்டெய்னர் யார்டுகளுக்குள் திரும்பி நகர லக் உதவுகிறது என்பது உண்மையே. ஆனாலும் வண்டியின் ஓட்டத்தில் யார்டு எத்தனை சிறிய பகுதி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு, நடுவில் தொடர்ச்சியான ரிப்பும் ஓரங்களில் கட்டைகளும் கொண்ட மிக்ஸ் வடிவமே ஈரத்தில் நிதானமாக நிற்கிறது. சில லக் டயர்களில் காணப்படும் ‘எம்+எஸ்’ குறி சேற்றையும் பனியையும் குறிப்பது. ஈரத் தாரில் நல்ல பிடிப்பு என்பதற்கு அது சான்று ஆகாது. குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கென்று மலையும் பனித்துகளும் பொறித்து விற்கும் டயர்களின் ரப்பர், தாழ்ந்த வெப்பநிலைக்காகவே மென்மையாகச் செய்யப்படுவது. மார்கழியிலும் பகலில் முப்பது டிகிரியைத் தொடும் நம் கடற்கரைக்கு அவை பொருந்தா, விரைவில் கரைந்துவிடும். நம் ஊருக்குக் குளிர்காலம் என்றால் மழைதான்.

ஈரப்பிடிப்பைப் பற்றி நம் நாட்டிலும் இப்போது விதி இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 142 என்ற வாகனத் துறைத் தரநிலை, டயர் உருளும்போது எழும் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றையும் அளக்கிறது. 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கு அது கட்டாயமாயிற்று, லாரி டயர்களும் அதில் அடங்கும். தேய்மானத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் லாரிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு 1.6 மி.மீ. பள்ளம். அமெரிக்காவில் கனரக வாகனங்களின் முன் அச்சுக்கு மட்டும் ஏறக்குறைய 3.2 மி.மீ. தேவை என்று தனியாகவே வகுத்திருக்கிறார்கள். எங்கள் வண்டிகளில் மழைக்காலத்தில் முன் டயரில் 5 மி.மீ.க்குக் குறைந்தால் அதை முன்னால் வைப்பதில்லை. மொட்டை டயரை மட்டும்தான் ஆபத்தானது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி தேய்ந்த டயரே தண்ணீரை வெளியேற்றுவதில் வெகுவாகப் பின்தங்கிவிடுகிறது.

உப்பு செய்யும் சேதம் வெளியே தெரியாதது. ரேடியல் டயரின் மேல்ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. ஜல்லி குத்திய வெட்டு அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டால், உப்பு கலந்த ஈரம் அதன் வழியே இறங்கிக் கம்பியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். வெளியே டயர் நன்றாகத்தான் தெரியும். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறையில் பழைய ரப்பரைச் சீவி எடுத்த பின், எஞ்சும் டயர் உடலான கேசிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் உண்மை விளங்கும்: குத்தின துளையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் பரவியிருக்கும், ஊசியால் நெம்பினால் கம்பி இழைகள் பொடியாக உதிரும். அத்தகைய கேசிங்கில் எவ்வளவு நல்ல ரப்பரை ஒட்டினாலும் அது பெயர்ந்து வரும். எனவே கடலோரம் ஓடிய டயரை ரீட்ரேட் செய்யக் கொடுக்கும்போது, ஒவ்வொரு துளையையும் திறந்து காட்டச் சொல்லி நேரில் பார்ப்பது அவசியம். ரீட்ரேட் செய்த டயர்கள் டிரெய்லர் அச்சுகளில் நன்றாகவே உழைக்கின்றன. முன் அச்சில் மட்டும் அவற்றை எந்நாளும் போடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் படிந்தால் ரப்பர் ஊறி உப்பிவிடும். அப்படிப்பட்ட நீரில் நின்ற வண்டியின் டயர்களைச் சோப்பு நீரால் உடனே கழுவிவிட வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை ஒரே செய்திதான். வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் 120 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 4 பவுண்டு குறையும். ஆகவே விடியற்காலையில், வண்டி புறப்படும் முன் அளக்க வேண்டும், ஓடிச் சூடேறிய டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது. கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடும் கடையில் காற்றடிப்பது நல்லது, ஏனெனில் அந்த ஈரம் டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது. வேலூர் பைபாஸில் நாங்கள் வாடிக்கையாகச் செல்லும் கடையில் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள். வீல் நட்டுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குகிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளுமாறு சீட்டிலேயே எழுதித் தருகிறார்கள்.

எம்.ஆர்.எஃப். அரக்கோணம் அருகே இச்சிபுத்தூரிலும், அப்பல்லோ ஒரகடத்திலும், ஜே.கே. ஸ்ரீபெரும்புதூரிலும், மிஷலின் தேர்வாய்க் கண்டிகையிலும் டயர் செய்கின்றன. தொழிற்சாலைகள் இவ்வளவு அருகில் இருக்கும்போது பழைய சரக்கை வாங்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. பக்கச்சுவரின் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு கடையில் எங்களுக்கு இரண்டு வருடப் பழைய டயரைப் புதிதென்று தள்ளப் பார்த்தார்கள்; தேதியைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதையும் பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜையை ஒட்டிக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், புரட்டாசி முதல் பாதியிலேயே முன் அச்சுக்கு இரண்டு புதிய ரிப் டயர்களை வாங்கிப் போட்டுவிடுவது நல்லது. கழற்றிய பழைய ஜோடியை வீணாக்க வேண்டியதில்லை. 4, 5 மி.மீ. பள்ளம் எஞ்சியிருந்தால் அதை மழைக்காலம் முழுதும் கிடங்கில் நிழலில் நிறுத்தி வைத்து, தை பிறந்து சாலை காய்ந்த பின் டிரெய்லர் அச்சுக்கு மாற்றி, மிச்சக் கிலோமீட்டரையும் ஓட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.