கையடக்கத் தூசிமானி: புகையைப் பிடிக்கும், புழுதியை விட்டுவிடும்

சோளகம் தொடங்கினால் மாங்குளம் பக்கத்துக் கிரவல் ரோட்டில் ஒரு டிப்பர் போனாலே கொடியில் காயும் உடுப்பு செம்மண் நிறமாகிவிடும். அந்த நேரம் மலிவு விலை லேசர் தூசிமானியை வெளியில் பிடித்தாலும் பச்சை விளக்கே எரியக்கூடும். அந்த விளக்கை நம்பித் தொய்வு வருத்தம் உள்ள பிள்ளையை விளையாட விடாதீர்கள்.

மானி பழுதில்லை. உள்ளே சின்ன விசிறி காற்றை இழுக்க, துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை உணரி கணக்கெடுக்கிறது. புகைக்கு இது நன்றாக ஒத்துவரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி இந்தியப் பக்கமிருந்து மாசுமூட்டம் வந்ததே, அப்படியான நாட்களுக்கும் வைக்கோல் எரிக்கும் நாட்களுக்கும் தாராளமாக வாங்கலாம். மண்தூசியின் எடையோ பெரும்பாலும் 2.5 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று) மேற்பட்ட பெரிய துகள்களில்தான் இருக்கிறது. அவை கனத்தால் காற்றின் வளைவோடு திரும்பாமல் ஒதுங்கிவிடும். பலது லேசர்வரை போவதேயில்லை. திரையில் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோன்வரை, பி.எம். 10 என்பது 10 மைக்ரோன்வரை உள்ள துகள்களின் அளவு. இதில் பி.எம். 10 பல மானிகளில் சிறுதுகளை வைத்துப் போட்ட கணக்கு.

வாங்க முன்னம் கடைவாசலில் புழுதி கிளம்பும்போது பிடித்துப் பாருங்கள். பி.எம். 10 மட்டும் தனியே எகிற வேண்டும். எப்போதும் பி.எம். 2.5இன் 1.1, 1.2 மடங்காகவே நின்றால் புழுதிக்கு அது உதவாது.

சகாரா, அரேபியா, தார் பாலைவனத் தூசியை ஆராய்பவர்களுக்கும் இதே பெரிய துகள்கள்தான் தலையிடி. நுண்தூசி வெயிலைத் திருப்பியனுப்பிக் குளிர்விக்கும்; பருமனான தூசி நிலத்தின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பருமனான தூசியைக் குறைத்துக் கணக்கிட்ட காலநிலைக் கணினி மாதிரிகள் குளிர்விப்பைக் கூட்டிக் காட்டின.

மார்கழி, தைப் பனியில் ஈரப்பதன் 80 சதவீதம் தாண்டினால் துகள் நீரேறிப் பருத்து எண் பொய்யாகக் கூடும். வெயில் ஏறியபின் அளவுங்கள். மூக்கு உயரம், நிழல், பத்து நிமிடச் சராசரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரம்பு கனமீற்றருக்கு பி.எம். 2.5 என்றால் 15, பி.எம். 10 என்றால் 45 மைக்ரோகிராம். இரண்டும் 24 மணிநேரச் சராசரி, ஒரு நிமிட எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

காற்று வாயில் புழுதி படிந்தால் மெல்லிய தூரிகை போதும். சைக்கிள் கடைக் கொம்பிரசரால் அடித்தால் விசிறி கட்டுமீறிச் சுழன்று உடையும்.