ரித்விகா, யாழினி, பேச்சியம்மாள், குழல்வாய்மொழி: தம்பி மகளுக்கு எந்தப் பெயர்?

தம்பிக்குப் பெண் பிறந்து 19 நாள் ஆகிறது. 30-ஆம் நாள் தொட்டில் போடுகிறோம். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை, அதாவது நான். "நாலு பேரு இருக்கு, நீயே ஒண்ணைச் சொல்லு அக்கா" என்று தம்பி பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டான். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. தினமும் காலையில் முப்பது பெயர்களை உரக்கக் கூப்பிடுவதுதான் என் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் இந்த நான்கு பெயர்களையும் ஒரு வாரமாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

ரித்விகா தம்பி மனைவி வீட்டாரின் விருப்பம். பிள்ளை பிறந்தது சித்திரை நட்சத்திரம், நாலாம் பாதம். சித்திரைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் பே, போ, ர, ரி. பாதத்துக்கு ஒன்று என்று பார்த்தால் ரி. யாழினி தம்பியின் விருப்பம். பெங்களூரில் வேலை பார்க்கிறவனுக்கு மகள் பெயரிலாவது தமிழ் இருக்க வேண்டும் என்று ஆசை. பேச்சியம்மாள் எங்கள் அம்மாவின் பெயர். குழல்வாய்மொழி என்பது நான் கொண்டுவந்த பெயர், குற்றாலத்து அம்மன். அதனால் நான் நடுவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரித்விகா. வாயில் லேசாக வருகிறது. பெங்களூரிலும் டெல்லியிலும் யாரும் திணற மாட்டார்கள், ஆங்கிலத்தில் எழுதுவதும் எளிது. இந்த மூன்றையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொருளில்தான் எனக்குச் சிக்கல். அவர்கள் அனுப்பிய பட்டியலில் 'மகிழ்ச்சி' என்று போட்டிருந்தது. ரித்விக் என்றால் சமஸ்கிருதத்தில் வேள்வி நடத்தும் புரோகிதர். அதற்குப் பெண்பால் போல ஒரு வால் சேர்த்து, பக்கத்தில் மகிழ்ச்சி என்று எழுதிவிட்டார்கள். இப்போது சுற்றும் பெயர்ப் பட்டியல்களில் பாதி இப்படித்தான் இருக்கிறது. முதலெழுத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஷிகா, ன்விகா, வர்ஷினி என்று ஒட்டுவது. பிள்ளை பத்து வயதில் வந்து "என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கும். கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய தமிழ் இலக்கணப்படி ர என்ற எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அதனால்தான் ராமனை இராமன் என்றும் ரங்கனை அரங்கன் என்றும் எழுதினார்கள். ரியில் தமிழ்ப் பெயர் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் தமிழில் பெயர் குறைவு என்பதல்ல. அந்த எழுத்துப் பட்டியல் வேறு மொழிக்காக அமைந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் யாழினி. இலக்கணம் பார்த்தால் நான்கில் இது மிகச் சுத்தமானது. ய வரிசையில் யா மட்டும்தான் சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. யாழ் அப்படி வந்த சொல். மழலையை உயர்த்திச் சொல்ல வந்த வள்ளுவர் குழலோடு சேர்த்து நினைத்ததும் யாழைத்தான். மூன்றே எழுத்து, சொன்னால் காதுக்கு இதம்.

ஆனால் என் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் மட்டும் மூன்று யாழினிகள் இருக்கிறார்கள். "யாழினி" என்று கூப்பிட்டால் மூன்று தலை நிமிரும். அதனால் பி. யாழினி, எஸ். யாழினி, குட்டி யாழினி என்று பிரித்திருக்கிறோம். அந்தக் குட்டி யாழினிக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை என்பது அவள் "உள்ளேன் டீச்சர்" சொல்லும் குரலிலேயே தெரியும். பெயர் பரவலாக இருப்பது குற்றமில்லை. எங்கள் தலைமுறையில் வகுப்புக்கு நான்கு பேர் லட்சுமியோ மகேஸ்வரியோ இருந்தோம். ஆனால் தனித்தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் எல்லோரும் யாழினி, கயல்விழி, மகிழினி என்ற இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றுவது எனக்கு வருத்தம்தான். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது தன் சொந்தப் பெயரான வேதாசலத்தையே தமிழாக்கி வைத்துக்கொண்டார். மகள் திரிபுரசுந்தரியை முந்நகரழகி ஆக்கினார். அந்தத் துணிச்சலில் கொஞ்சம் நமக்கும் வேண்டும்.

யாழினிக்கு எதிராக எல்லோரும் சொல்வது ழகரம். பெங்களூரில் யாஜினி ஆகிவிடும், ஆங்கிலத்தில் இசட் எச் போடுவதா எல் போடுவதா என்று. எனக்கு இது பெரிய குறையாகவே தெரியவில்லை. எங்கள் ஊரிலேயே வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிறோம், அதற்காக வாழையை நடாமலா இருக்கிறோம்? கன்னடத்திலும் ஒரு காலத்தில் ழ இருந்தது, பிறகுதான் போயிற்று. நம்மிடம் இருக்கிறதை நாமே பயந்து விடக்கூடாது.

இந்த இடத்தில் தம்பியின் மாமனாருக்காக ஒரு கணக்குப் போட்டேன். அவருக்கு எண் கணிதத்தில் நம்பிக்கை, இசட் எச் போட்டால் கூட்டுத்தொகை கெட்டுவிடுமோ என்ற பயம். அவர் பார்க்கும் முறையில் இசட்டுக்கு 7, எச்சுக்கு 5, கூட்டினால் 12, அதாவது 3. எல்லுக்கும் 3. யாழினியை இசட் எச் போட்டு எழுதினால் 21, எல் போட்டால் 12, இரண்டும் 3 தான். ழகரம் உள்ள எந்தப் பெயருக்கும் இப்படித்தான் வரும். தாளில் எழுதிக் காட்டியதும் அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். ழகர விவாதம் அதோடு முடிந்தது.

எழுத்துக்கூட்டலில் நான் பட்டபாடு வேறு வகை. என் பெயர் காந்திமதி, நெல்லையப்பர் கோயில் அம்மன். காந்தி என்றால் ஒளி. ஆனால் தமிழில் க ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொருவரும் காந்தியடிகளை நினைத்து ஜி போட்டார்கள். மதிப்பெண் சான்றிதழில் ஜி, வங்கிப் புத்தகத்தில் கே, ஆதாரில் ஜி இருந்தும் நடுவில் ஒரு எச் இல்லை. மூன்றையும் ஒன்றாக்க நான் விடுப்புப் போட்டு அலைந்த நாட்கள் கொஞ்சமில்லை. அதனால் எந்தப் பெயர் வைத்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அவசரப்பட்டு எழுதிவிட்டுப் பிறகு திருத்த அலைவதைவிட நான்கு நாள் யோசிப்பது மேல்.

இப்போது பேச்சியம்மாள். இந்தப் பெயரைப் பற்றி எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி. பெயரைத் தாங்குகிறவள். முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் என்பது எங்கள் வழக்கம். சாஸ்தா கோயில்களில் தனிப் பீடத்தில் இருக்கிற தெய்வம் பேச்சி. பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது, பிள்ளைகளுக்கு வாக்கு தருகிறவள் அவள்தான் என்று அம்மா சொல்லுவாள். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. சித்திரை நட்சத்திரத்தின் முதல் எழுத்தே பே. பாதத்தைக் கறாராகப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் ஜாதகமும் அம்மா பெயரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அப்படியானால் இதையே வைக்கலாமே என்றுதான் முதலில் நானும் சொன்னேன். தம்பி மனைவி தயங்கினாள். பழைய பெயர் என்று தயங்குகிறாள் என நினைத்துக்கொண்டேன். அது தப்பு. அவள் சொன்னது இது: "மைனி, அத்தை பேரை நான் எப்படிச் சொல்லிக் கூப்பிடுவேன்? ஏ பேச்சி, எந்திரி, சாப்பிடு, அடி வாங்கப்போறேன்னு என் வாயால வருமா?"

வராது. என் அம்மாவின் கதையே அதுதான். அம்மாவுக்கு அவளுடைய அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரை வைத்தார்கள். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மாவைப் பெற்றவள் கடைசிவரை அவளை ராசாத்தி என்றே கூப்பிட்டாள். என் அப்பாவும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மாவின் பெயரை நான் சத்தமாகக் கேட்ட இடங்களை விரல்விட்டு எண்ணலாம்: ரேஷன் கடை, வங்கி, ஆஸ்பத்திரி. போன வருடம் கண் அறுவை சிகிச்சைக்குப் போனபோது நர்ஸ் வெளியே வந்து "பேச்சியம்மாள், பேச்சியம்மாள் யாரு?" என்று மூன்று முறை கூப்பிட்டார். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அசையாமல் இருந்தாள். நான் தொட்டு எழுப்பினேன்.

பேச்சி என்று பெயர் வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று உறவில் சிலர் சொன்னார்கள். கேலி நடக்கிறதுதான், மறைக்கவில்லை. ஆனால் கேலி செய்ய நினைக்கிற பிள்ளைக்கு எந்தப் பெயரும் போதும். அந்த வயதில் ஆசிரியர் அந்தப் பெயரை எப்படி உச்சரிக்கிறார் என்பதைப் பொறுத்தே மற்ற பிள்ளைகளும் சொல்வார்கள். பேச்சியைத் தடுத்தது கேலி இல்லை, தம்பி மனைவி சொன்ன அந்தக் காரணம்தான்.

பெண் பிள்ளைக்குப் பெயர் என்று வரும்போது இதையும் சொல்லாமல் விட முடியாது. சித்திரையின் அடுத்த எழுத்து போ. அதில் ஊரில் என்ன பெயர் இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது போதும்பொண்ணு. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாயார் பெயர் அது. சேர்க்கைப் படிவத்தில் அந்த அம்மா தன் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் மறக்கவில்லை. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் வேண்டாம் என்றே பெயர் வைக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அடுத்தது ஆண் பிறக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையின் தலையில் காலத்துக்கும் ஏற்றிவைத்த பாரம். எழுத்துப் பொருத்தம் எவ்வளவு இருந்தாலும் அந்த வழி இந்த வீட்டுக்கு வேண்டாம்.

கடைசியாகக் குழல்வாய்மொழி. தென்பாண்டி நாட்டு அம்மன் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு கவிதை. பாபநாசத்தில் உலகம்மை, கோவில்பட்டியில் செண்பகவல்லி, சங்கரன்கோவிலில் கோமதி. குற்றாலத்தில் குழல்வாய்மொழி, புல்லாங்குழல் போலப் பேசுகிறவள். பேச்சியம்மாளுக்கும் இதற்கும் எழுத்து ஏழுதான். யாழினியில் உள்ள ழ இதில் இரண்டு முறை. தனித்தமிழ் கேட்ட தம்பிக்குத் தமிழ், சாமி பெயர் கேட்ட சம்பந்தி வீட்டுக்குச் சாமி. நட்சத்திர எழுத்து மட்டும் பொருந்தவில்லை.

குறை, நீளம். ஆங்கிலத்தில் 14 எழுத்து. தம்பி விரல்விட்டு எண்ணிக் காட்டினான். வெளியூரில் முதல் தடவை யாரும் சரியாகப் படிக்க மாட்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் கூப்பிட 'மொழி' போதும். இரண்டு எழுத்து, தெருமுனைவரை கேட்கும். அம்மா தாளில் பேச்சியம்மாள், வீட்டில் ராசாத்தி. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டே இல்லை. மொழியோ குழல்வாய்மொழிக்குள்ளேயே இருக்கிறது, ஆஸ்பத்திரியில் முழுப் பெயரைக் கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கும். ரித்விகாவை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டபோது "பாப்பா" என்றுதான் பதில் வந்தது.

மூன்று நாள் முன்புதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வாய்மொழி என்றால் என்ன? பேச்சு. அம்மாவின் பெயர் இதற்குள் ஒளிந்திருக்கிறது, தம்பி மனைவி கூச்சமில்லாமல் கூப்பிடக்கூடிய வடிவத்தில். இதைச் சொன்னதும் அவள் பிள்ளையை மடியில் போட்டபடி "மொழி, மொழி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நாகர்கோவில்காரி, ழ அவளுக்கு அழகாக வரும்.

என் தேர்வு அதுதான். தொட்டில் அன்றைக்குக் காதில் முதலில் பேச்சி என்று மூன்று முறை, அது குலதெய்வத்துக்கு. பிறகு ரியில் ஒரு பெயர், அது ஜாதகத்துக்கு, அதைச் சம்பந்தி வீட்டாரே முடிவு செய்யட்டும். மூன்றாவதாகக் குழல்வாய்மொழி, சான்றிதழில் ஏறப்போவது அது. காதில் ஒன்றுக்கு மேல் பெயர் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை.

அம்மாவிடம் கேட்டேன், உன் பெயரை வைக்காததில் வருத்தமா என்று. "கூப்பிடாத பேரை வச்சு என்னட்டி செய்ய" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது, தனக்குள் பழகிப் பார்க்கிறாள்: "மொளி. ஏ மொளி. வா, பால் குடி."