18,000 ரூபாய்க்கு 22 விநாடி: முகப்பு இசை செய்து தந்த ஒலிப்பதிவுக் கூடம் பற்றி

எங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவ சபைகளின் தொகுதி) சார்பில் இணைய வானொலியில் வாரந்தோறும் 15 நிமிடம் ஒலிபரப்பாகும் நற்செய்தி நிகழ்ச்சிக்கு முகப்பு இசை தேவைப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைச் செய்து வாங்கினோம். கூடத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன்; வேலையில் நிறைவு உண்டு என்றாலும், காகித விஷயத்தில் அவர்கள்மேல் எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை முடிக்க இயலாது.

அங்கே போவதற்கு முன்பே எங்கள் குழுவுக்குள் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. மேலை மெட்டுகளில் பாடும் துதிப்பாடல்களின் தொகுப்பான பாமாலையிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஒரு ராகத்தை எடுத்து வாத்தியத்தில் வாசித்தால் போதும், செலவும் குறையும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் முதலில் சொன்ன பாடல், எங்கள் ஊரில் அடக்க ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது பாடுகிற பாடல். சனிக்கிழமை மாலையில் அந்த ராகம் கேட்டால் தெருவில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போவார்கள் எனப் போதகருக்கு உதவியாக ஊழியம் செய்யும் எங்கள் உபதேசியார் சொன்ன பிறகே அது கைவிடப்பட்டது. தெரிந்த ராகத்தில் உள்ள சங்கடமே இதுதான்: அது கல்யாணத்தையோ கல்லறையையோ கூடவே கூட்டிக்கொண்டு வரும். அதோடு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பழகிய பாமாலை பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் அந்நியமாக ஒலிக்கலாம். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் கேட்டாலோ, இது நமக்கான நிகழ்ச்சி இல்லை என்று முதல் ஐந்து விநாடியிலேயே முடிவு செய்துவிடலாம்.

சிற்றலை வானொலியைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு வேறோர் எண்ணம் இருந்தது. அந்நாளில் ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன் ஒரே சிறு இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவார்கள். இரைச்சலுக்கு நடுவே முள்ளை நகர்த்தித் தேடுகிறவருக்கு, வந்து சேர்ந்த இடம் சரிதான் என்று உறுதி சொல்வதே அதன் வேலை. வத்திக்கான் வானொலி 'கிறிஸ்துஸ் வின்சித்' என்னும் லத்தீன் துதிப்பாடலின் மெட்டை அதற்கு எடுத்துக்கொண்டது. நம் அகில இந்திய வானொலிக்கு, ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசைஞர் வால்ட்டர் காஃப்மன் 1930களில் அமைத்துத் தந்த இசையில், தம்புராவும் வயலினும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டையும் வாயால் முனகிக் காட்டிவிடலாம். முனக முடியாத இசை முகப்புக்கு உதவாது என்பதே நான் கூடத்துக்காரரிடம் விதித்த ஒரே நிபந்தனை.

பத்து நாளில் மூன்று மாதிரிகள் வந்தன. முதலாவது சங்கராபரணத்தில், ஆர்கனும் வயலின் கூட்டமும் சேர்ந்தது. மேலை இசையின் மேஜர் ஸ்கேலும் இந்த ராகமும் ஒரே சுரங்கள் என்பதால், பாமாலைக்காரர்களையும், நம் ராகங்களில் பாடும் கீர்த்தனைக்காரர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் நோக்கம் அதில் தெரிந்தது. இரண்டாவது மோகனத்தில், புல்லாங்குழலும் மிருதங்கமும். மூன்றாவதில் கிட்டாரும் டிரம்ஸும் முழங்கின. இளைஞர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எனக்கோ, அடுத்த நொடியில் யாரோ வந்து வீட்டுமனை விலை சொல்லப்போகிறார் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

இந்தக் கூடத்தை நான் மற்றவர்களுக்குத் துணிந்து சொல்வதற்குக் காரணம் அதற்குப் பின் நடந்தது. பெரிய ஒலிபெருக்கிகளில் சங்கராபரண மாதிரி கோயிலையே நிரப்புவதுபோல் ஒலித்ததால், அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் ஏறத்தாழ முடிவு செய்திருந்தோம். ஒலிப்பதிவு செய்யும் தம்பி, "ஐயா, உங்க நேயர்கள் எதுல கேக்கிறாங்க?" என்று கேட்டார். வயதானவர்களில் பாதிப்பேர் செல்பேசியை எவர்சில்வர் செம்புக்குள் நிறுத்திவைத்து, சமையல் வேலையோடு வேலையாகக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், தண்ணீர் குடிக்கிற செம்பைக் காலிசெய்து எடுத்துவந்து, தம்முடைய பழைய செல்பேசியில் மூன்று மாதிரிகளையும் ஏற்றி, அதை செம்புக்குள் இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினார். ஆர்கனின் கீழ்ச்சுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. சிறிய ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. இடமும் வலமுமாக விரித்துப் பதிந்திருந்த வயலின்களோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலிபெருக்கியில் சேர்ந்தபோது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துபோயின. டிரம்ஸ் தகரம் தட்டியதுபோல் கேட்டது. புல்லாங்குழல் மட்டும் சேதமில்லாமல் செம்பைவிட்டு மேலே வந்தது. மோகனம் தேர்வானது அப்படித்தான். ஐந்தே சுரங்கள் கொண்ட அந்த ராகத்தை, மறுநாள் எங்கள் உபதேசியாரின் பேத்தி முனகிக்கொண்டு திரிந்தாள்.

அதன் பிறகான திருத்தங்களையும் அவர்கள் முகம் சுளிக்காமல் செய்தார்கள். 40 விநாடி இருந்ததை 22 ஆகக் குறைத்தார்கள். ஒன்பதாவது விநாடியில் குழல் ஓய்ந்து தம்புரா மட்டும் நிற்க, அதன்மேல் அறிவிப்பாளர் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லும்படி இடம் விட்டார்கள். பேச்சுக்கு அடியில் குழல் ஓடினால், இரண்டுக்கும் நடுவில் காது அலைமோதும் என்பதை நாங்கள் சொல்லாமலே உணர்ந்திருந்தார்கள். நிறைவுக்கு 7 விநாடித் துண்டு ஒன்றும் தந்தார்கள். சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் கழித்தே எல்லாம் கைக்கு வந்தன என்றாலும், அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

குறை உரிமைப் பத்திரத்தில். ரசீதின் அடியில் "முழு உரிமை உங்களுக்கே" என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான சபைகள் இதையே போதும் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து வடிவில் கையொப்பத்துடன் மாற்றித்தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் நேயர்களில் கணிசமானோர் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள். இதை நான் எடுத்துச் சொன்னபோது கூடத்தின் உரிமையாளர், "கோயில் காரியம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார். மெய்யான சமயச் சடங்கின்போது ஒரு பாடலை இசைப்பதற்குச் சட்டம் விலக்கு அளிப்பது உண்மைதான். வாரம் தவறாமல் போகும் வானொலி நிகழ்ச்சி அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நம்பி 18,000 ரூபாய் கொடுக்க நான் தயாராக இல்லை. காலம், இடம், இணையம் என எல்லாவற்றையும் வரிவரியாக எழுதி, இசையமைத்தவரும் குழல் வாசித்தவரும் கையெழுத்திட்ட தாளை வாங்க மூன்று முறை அலைந்தேன். அங்கே போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: குழல், மிருதங்கம், தம்புரா ஆகியவற்றின் பதிவுகளைத் தனித்தனிக் கோப்புகளாக. கட்டணத்தில் அது சேராது என்று முதலில் சொன்னார்கள், பிறகு 1,500 ரூபாய்க்குத் தந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிய வாரம் மிருதங்கத்தை நாங்களே எடுத்துவிட்டு, குழலையும் தம்புராவையும் மட்டும் ஒலிபரப்பினோம். ஈஸ்டர் வரைக்கும் அப்படியே விட்டுவைத்தோம்.