கறை மறைக்கும் சாயப் பெட்டி: வாங்கலாமா?

"எந்தக் கறையையும் மறைக்கும்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பாமல் வாங்கினால் இது நல்ல பெட்டிதான்.

உள்ளே மஞ்சள், ரோஸ், கருநீலம் என மூன்று பொடிகள், சோடா சாம்பல், கையுறை, ரப்பர் பேண்டுகள். அடுப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும். 1956-இல் புரோசியான் என்ற பெயரில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாய வகை இது. சோடா சேர்ந்ததும் பருத்தி இழையோடு வேதியியல் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். ஒட்டாத மிச்சச் சாயத்தை முதலில் குளிர்ந்த நீரிலும் பிறகு சுடுநீரிலும் நன்றாக அலசித் தள்ளிவிட்டேன். அதற்கப்புறம் வாளித் தண்ணீரில் நிறம் இறங்கவில்லை.

இனி கறை விஷயம். இந்தச் சாயம் பெயிண்ட் மாதிரி மூடாது, கண்ணாடித் தாள் மாதிரி மேலே படரும். வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டுக்கு அடியில் பேனா மை கசிந்த இடம். அதே மை தடவிய துண்டுத் துணியில் மஞ்சளைப் போட்டுப் பார்த்தால் மை பச்சையாகப் பல்லிளித்தது. கருநீலத்தில்தான் அடங்கியது. அதுவும் சட்டை முழுவதையும் ஒரே நிறமாக முக்கினால் திட்டு தெரியும். கறை உள்ள இடத்தை ரப்பர் பேண்டுக்கு வெளியே நிறுத்தி, சுற்றிலும் ஒழுங்கில்லாமல் கசக்கிக் கட்டி, கறையின் மேல் சாயத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும். பிரித்துப் பார்த்தால் அங்கங்கே அடர்த்தி, அங்கங்கே வெளிறல். மை எது, சாயம் எது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

எண்ணெய்க் கறை வேறு கதை. பிசுக்கு இருக்கும் இடத்தில் சாயத் தண்ணீர் ஊறவே ஊறாது. வட்டமாக வெளிறி, முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து ஊறவைத்து, துவைத்த பிறகுதான் சாயத்தில் கைவைக்க வேண்டும். செய்முறைத் தாளில் இதைப் பற்றி மூச்சு இல்லை. பொடியைக் கரைக்கும்போது மாஸ்க் போடச் சொல்லவும் இல்லை. மூக்குக்குள் போனால் ஒவ்வாமை வரக்கூடிய பொடி, இதையாவது அச்சடித்திருக்கலாம்.

பாலியெஸ்டரில் இது ஏறாது. பாதிக்குப் பாதி கலந்த குர்தா ஒன்று சாயம் போன பழைய துணி மாதிரி வந்தது. முழுப் பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பாலியெஸ்டராக இருந்ததால் அது மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டது. கருநீலத்தில் வெள்ளைத் தையல்! வேண்டுமென்றே தைத்தது போல, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. காலரிலும் கைமடிப்பிலும் வரிவரியாக அழகாக இருக்கிறது.

பிளீச் பட்டு வெளுத்த திட்டுக்கு இதை வாங்காதீர்கள். சாயம் ஏறினாலும் சுற்றியுள்ள இடத்தைவிட வெளிறித்தான் இருக்கும். அங்கே ஒட்டுத்துணியோ எம்பிராய்டரியோதான் வழி.

சோடா கலந்த சாயம் மிஞ்சினால் எடுத்துவைத்தும் பயனில்லை. தண்ணீரோடே வினைபுரிந்து வீரியம் போய்விடும். அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கரையுங்கள். என்னிடம் மஞ்சள் முக்கால்வாசி மிச்சம். கருநீலம் தனிப் பொட்டலமாகக் கிடைத்தால் அடுத்த முறை அதை மட்டும்தான் வாங்குவேன்.